கருத்துக்கேட்புக் கூட்டம் முதல் பசுமைத் தீர்ப்பாயம் வரை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஊரிலிருந்து 3 கி.மீ. தள்ளி ரசாயன ஆலை வரப்போகிறதாம். அடுத்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த விளம்பரத்தைத் தேதி தெரியும்படி வெட்டி வையுங்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் அது பெரிய ஆட்சேபம். அப்புறம் கலெக்டர் ஆபீசில், ஆலையால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று மதிப்பிடும் வரைவு அறிக்கையைக் கேட்டுப் படியுங்கள். சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். உங்கள் ஊர்க் கண்மாயும் கிணறுகளும் அதில் வந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நான் புரட்டிய ஓர் அறிக்கையில், இன்றும் பாசனம் நடக்கும் ஓடையைத் தரிசு நிலம் என்று குறித்திருந்தார்கள்.

கேள்வி: கூட்டத்தில் பேசினால் மட்டும் என்ன ஆகப்போகிறது, ஐயா? எல்லாம் முடிவு செய்துவிட்டுத்தானே வருகிறார்கள்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் போங்கள். அந்தக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது, குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதியும் கிடையாது. நீங்கள் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. அங்கே பதிவாவதுதான் பிற்பாடு, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் கையில் இருக்கும் சாட்சி.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர், கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகும் என்று பத்து நிமிடம் அழுது பேசினார். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தபோது, "குடிநீர் வசதி கோரினார்" என்று ஒரே வரி. பாதிப் பேர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டிருந்தார்கள். இருந்த நாலு பேர் எழுந்து நின்று ஆட்சேபித்ததால் அந்த வரியைத் திருத்தினார்கள். குறிப்பை அங்கேயே, தமிழில், வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதுவரை உட்காருங்கள். கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பதும் விதிதான். பேசியதை எழுத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

கேள்வி: ஆலைக் கழிவுநீரின் சோதனை முடிவைக் கேட்டால், கம்பெனி ரகசியம் என்கிறார்கள்.

பதில்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வணிக ரகசியத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பொதுநலன் பெரிது என்றால் அதையும் தர வேண்டும் என்று அதே பிரிவு, 8(1)(ஈ), சொல்கிறது. ஆற்றில் விடுகிற தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பது, என்னைக் கேட்டால், எந்தக் கம்பெனிக்கும் ரகசியமாக இருக்க முடியாது. 30 நாளில் பதில் வராவிட்டால், அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கோப்பை நேரில் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பலர் இதைப் பயன்படுத்துவதில்லை.

கேள்வி: ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். தீர்ப்பாயத்துக்கு எத்தனை நாளில் போகலாம்?

பதில்: 30 நாள். தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 60 நாள் வரை. அதற்குமேல் தீர்ப்பாயமே நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. உங்கள் கைக்கு நகல் வந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அனுமதி இணையத்தில் ஏறிய நாள், பேப்பரில் வந்த நாள், எது முதலோ அதிலிருந்து எண்ணுங்கள். நல்ல வழக்குகள் இதில்தான் வீணாகின்றன.

கேள்வி: வக்கீல் இல்லாமல் முடியுமா?

பதில்: முடியும், நீங்களே வாதாடலாம். தீர்ப்பாயத்தின் தெற்கு அமர்வு சென்னையில் இருக்கிறது.

கேள்வி: ஆலை ஏற்கெனவே ஓடுகிறது, பயிர் கருகிவிட்டது. எங்களுக்கு வழி?

பதில்: தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க, அதற்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 வருடம் அவகாசம் உண்டு. இன்றே வயலைத் தேதியோடு படம் எடுங்கள். கருகிய பயிரை உழுதுவிடுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் அலுவலரிடமும் மனு கொடுத்து, வந்து பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.