வெள்ளாட்டுக்கு தாது உப்பு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம். கோவில்பட்டி பக்கம் கரிசல் காட்டுல 18 வருசமா கொடி, கன்னின்னு ரெண்டு ரக வெள்ளாடு வச்சிருக்கேன். நான் டாக்டர் இல்ல, ஆனா கால்நடை பல்கலைக்கழக பயிற்சிக்கு போயி போயி, டாக்டர்கள தொந்தரவு பண்ணி கேட்டு கேட்டு, கொஞ்சம் ஆட்ட பறிகொடுத்தும் கத்துக்கிட்டது நிறைய. சத்து குறைபாடு பத்தி நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அதனால இன்னைக்கு ஒண்ணா உக்காந்து பதில் எழுதுறேன். கேக்கும்போது ஆட்டோட வயசு, தீவனம், தண்ணி, கடைசியா எப்போ பூச்சி மருந்து கொடுத்தீங்க, இந்த நாலும் சொல்லிடுங்க.

கேள்வி (திருமங்கலம்): அண்ணே, 12 ஆடு இருக்கு. எல்லாம் சுவத்த நக்குது, மண்ணு திங்குது, கொடில காயப்போட்ட துணிய கூட மெல்லுது. பசியா இல்ல வேற எதுவுமா?

பசி இல்ல தம்பி, அது எதையோ தேடுது. முதல்ல சாதா உப்பு கிடைக்குதானு பாருங்க. நிறைய வீட்ல ஆட்டுக்கு உப்பே போடுறதில்ல, தழைய மட்டும் ஒடிச்சு போட்டுட்டு விட்டுர்றாங்க, இலை தழைல சோடியம் ரொம்ப கம்மி. அடுத்தது பாஸ்பரஸ். எலும்பு, தோல், செருப்புன்னு கடிச்சா பெரும்பாலும் பாஸ்பரஸ் பத்தலனு அர்த்தம், காஞ்ச புல்ல மட்டும் மேயுற கோடைல இது ஜாஸ்தி. எலும்ப கடிக்க விடாதீங்க, செத்த பிராணி எலும்புல இருந்து நஞ்சு ஏறி கால் கை விழுந்து சாகுறதும் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். அடர்தீவனம், அதாவது தானியம் புண்ணாக்கு தவிடு கலவை, 100 கிலோ அரைச்சா அதுல 2 கிலோ தாது உப்பு (கால்சியம், பாஸ்பரஸ், தாமிரம், ஜிங்க் மாதிரி சத்தெல்லாம் கலந்த பொடி), 1 கிலோ சாதா உப்பு. அரைக்கிற வழக்கம் இல்லன்னா பெரிய ஆட்டுக்கு ஒரு நாளைக்கு தாது உப்பு 10ல இருந்து 15 கிராம், குட்டிக்கு 5 கிராம், தவிட்டுல பிசைஞ்சு வைங்க. அதுக்கு முன்னாடி பூச்சி மருந்து. வயித்துல புழு உக்காந்திருந்தா நீங்க போடுற சத்து ஆட்டுக்கு பாதிதான் போய் சேரும்.

கேள்வி (ஆத்தூர், சேலம் மாவட்டம்): சார் சேலம் கருப்பு 20 இருக்கு, நல்ல கரு கருன்னு இருந்த ஆடு செம்பட்டையா மாறிட்டு வருது, ரெண்டுக்கு வால் நுனில முடி கொட்டி மீன் வால் மாதிரி பிரிஞ்சு நிக்குது. போர் தண்ணிதான் குடிக்குது.

நீங்க சொன்ன மூணுமே ஒரே பக்கம்தான் கை காட்டுது, காப்பர், அதாவது தாமிரச் சத்து. முடிக்கு கருப்பு நிறம் வரணும்னா அந்த வேலைக்கு தாமிரம் வேணும், அது குறைஞ்சா கருப்பு செம்பட்டையாகும், சிவப்பு வெளிறும், முடி முரடாகும். வெயில்லயும் கருப்பு வெளுக்கும் சார், அதனால முதுகு மட்டும் வெளுத்து வயித்து பக்கம் கருப்பாவே இருந்தா வெயில சந்தேகப்படுங்க, வால் நுனியும் சேர்ந்து போனா காப்பர்தான்.

இப்போ போர் தண்ணிக்கு வரேன், நிறைய பேர் விடுற இடம் இது. தீவனத்துல தாமிரம் போதுமான அளவு இருந்தாலும் தண்ணில இரும்போ கந்தகமோ ஜாஸ்தியா இருந்தா, இல்ல தீவனத்துல மாலிப்டினம்ங்கிற தாது ஜாஸ்தியா இருந்தா, தாமிரத்த ஒடம்புல ஏற விடாம கட்டிப்போட்டுடும். தண்ணி பிடிச்ச தொட்டில துருக்கறை படியுதா, அழுகின முட்டை வாடை வருதானு பாருங்க. இருந்தா தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, முடிஞ்சா மழைத்தண்ணி இல்ல வேற கிணத்து தண்ணி மாத்துங்க. அத விட்டுட்டு மேல மேல பொடி போட்டா காசுதான் போகும்.

மயில்துத்தத்த, அதாவது காப்பர் சல்பேட்ட, கண்ணளவுல தண்ணில கலந்து ஊத்துற பழக்கம் சில ஊர்ல இருக்கு, தயவு செஞ்சு வேண்டாம். வெள்ளாட்டுக்கான தாது உப்ப அளவா 3 மாசம் கொடுங்க, புது முடி கருப்பா முளைக்கும், பழைய முடி மாறாது. அப்பயும் சரியாகலன்னா டாக்டர்கிட்ட ரத்தம் எடுக்க சொல்லுங்க. ஆட்ட அறுக்கும்போது ஈரல்ல ஒரு துண்டு அனுப்பி டெஸ்ட் பண்ண முடிஞ்சா அது இன்னும் நம்பகம், ஏன்னா தாமிரம் சேமிப்பு ஈரல்லதான் இருக்கு.

கேள்வி (மேச்சேரி): அப்போ ஆட்டுக்கு போடுற அதே தாது உப்ப எங்க செம்மறிக்கும் போடலாமா? ஒரே பட்டிலதான் அடைக்கிறோம்.

கூடாது. இதுக்கு நான் நீளமா எழுதுறதுக்கு காரணம் இருக்கு. என் சொந்தக்காரர் ஒருத்தர் 9 செம்மறிய இப்படி இழந்தார். கடைல மாட்டுக்கு விக்கிற தாது உப்பு பாக்கெட்ட வாங்கி, ஆட்டுக்கும் செம்மறிக்கும் சேர்த்து தாராளமா போட்டார். முதல் ரெண்டு மாசம் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னும் சொல்லப்போனா தெளிவா இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் மழைல நனைஞ்சு வந்ததும் ஒண்ணொண்ணா படுத்துச்சு, கண்ணு மஞ்சள், மூத்திரம் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி. ரெண்டு நாள்ல முடிஞ்சு போச்சு.

செம்மறி ஈரல் தாமிரத்த வெளிய தள்ளத் தெரியாம சேர்த்து சேர்த்து வைக்கும், ஒரு அலைச்சலோ பட்டினியோ வந்தா மொத்தமா ரத்தத்துல கொட்டி சிவப்பணுவ எல்லாம் உடைச்சிடும். தீவனத்துல தாமிரம் கிலோவுக்கு 15 மில்லிகிராம் தாண்டினாலே செம்மறிக்கு ஆபத்து, வெள்ளாடு 40 வரைக்கும் தாங்கும். பாக்கெட்ல "செம்மறிக்கு" னு தனியா போட்டிருக்கா, தாமிரம் எவ்வளவுனு படிங்க. ஒரே பட்டின்னா தீவன நேரத்துல மட்டும் ஒரு தட்டி போட்டு பிரிச்சிடுங்க.

கேள்வி (பெயர் வேண்டாம், வேடசந்தூர் பக்கம்): அண்ணா, பொறந்து 3 வாரம் ஆன குட்டி, நல்லா பால் குடிக்குது, ஆனா பின்னங்கால் ஆட்டம் கண்டு விழுந்து விழுந்து எந்திரிக்குது. போன ஈத்துலயும் இதே ஆட்டுக்கு ஒரு குட்டி இப்படி ஆகி செத்துப்போச்சு. மனசே கேக்கல.

புரியுதும்மா. முதல்ல தொப்புள் வீங்கியிருக்கா, கால் மூட்டு சூடா இருக்கானு தொட்டு பாருங்க. சூடா இருந்தா அது தொப்புள் வழியா ஏறின கிருமி, இன்னைக்கே ஆன்டிபயாடிக் வேணும், டாக்டர் தூரம்னா கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் போடுங்க.

சூடு இல்லன்னா ரெண்டு இருக்கு. குட்டி விறைப்பா, கட்டை மாதிரி நடந்து, தொடை சதை இறுகி இருந்தா செலினியமும் வைட்டமின் ஈயும் குறைவு, ஊசி போட்டா பல குட்டி எந்திரிச்சிடும். அந்த ஊசிய டாக்டர்தான் போடணும், செலினியத்துல மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவுல இடைவெளி ரொம்ப சின்னது. விறைப்பு இல்லாம இடுப்பு துவண்டு ஆடுச்சுன்னா, தாய் வயித்துல இருக்கும்போதே தாமிரம் பத்தாம தண்டுவட நரம்புக்கு மேல் உறை சரியா உருவாகல. ரெண்டு ஈத்துலயும் ஒரே மாதிரி வந்திருக்கிறத பாத்தா எனக்கு இதுதான் தோணுது. இலேசா இருந்தா டாக்டர் தர்ற காப்பர்ல மேல மோசமாகாம நிக்கலாம், போன நரம்பு திரும்பாதும்மா, அத மறைச்சு சொல்ல எனக்கு விருப்பம் இல்ல.

கேள்வி (ஒட்டன்சத்திரம்): தொண்டைல வீக்கம். மார்க்கெட்ல கழிச்ச முட்டைகோஸ்தான் முக்கியமா போடுறேன். அயோடின் குறைவா?

எந்த இடத்துல வீக்கம்னு சொல்லலியே. தாடைக்கு அடில தண்ணி கோத்த மாதிரி தொளதொளன்னு இருந்தா அது அயோடின் இல்ல, ரத்தம் உறிஞ்சுற புழு. கண் இமைய கீழ இழுத்து பாருங்க, வெள்ளையா இருந்தா உறுதி. தென்னாப்பிரிக்கால இதுக்குன்னே ஃபமாச்சான்னு ஒரு கலர் அட்டை கண்டுபிடிச்சாங்க, இமை நிறத்த வச்சு எந்த ஆட்டுக்கு மருந்துனு முடிவு பண்றது, அருமையான முறை. பால் நல்லா குடிக்கிற கொழுகொழு குட்டிக்கு தொண்டை மேல்பக்கம் மெத்துனு வீங்கினா பயப்படாதீங்க, வளர வளர தானா போயிடும்.

தொண்டை குழல் ரெண்டு பக்கமும் கெட்டியா உருண்டையா இருந்து, குட்டி முடியே இல்லாம பொறந்தாலோ செத்து பொறந்தாலோ அயோடின். முட்டைகோஸ் அயோடின் வேலை செய்யறத தடுக்கும், மொத்த தீவனத்துல கால் பங்குக்கு மேல போடாதீங்க, சினை ஆட்டுக்கு அறவே வேண்டாம். போடுற உப்ப அயோடின் உப்பா மாத்துங்க.

சவுண்டல், அதாவது சூபாபுல் தழையும் இதே குணம்தான், முடியும் கொட்டும், மூணுல ஒரு பங்கோட நிறுத்துங்க. இதுல ஒரு சுவாரசியம், ஹவாய் தீவு ஆடுகளுக்கு சவுண்டல் ஒண்ணும் பண்றதில்லனு பாத்து, அதுங்க வயித்துல சவுண்டல்ல இருக்கிற நஞ்ச உடைக்கிற பாக்டீரியா இருக்குனு ஆஸ்திரேலியா விஞ்ஞானி ஜோன்ஸ் கண்டுபிடிச்சார், அந்த பாக்டீரியாவுக்கு அவர் பேரே வச்சிருக்காங்க.

கேள்வி (பல்லடம்): பக்ரீத்துக்கு வளர்க்குற கிடா, காயடிச்சது, நேத்துல இருந்து முக்குது, மூத்திரம் சொட்டு சொட்டா வருது. வெயிட் ஏற தவிடு நிறைய வைக்கிறேன். கால்சியம் டானிக் கொடுக்கலாமா?

இத படிச்சதும் கிளம்பி டாக்டர்கிட்ட போங்க, மிச்சத்த அப்புறம் படிங்க. டானிக் வேண்டாம், தண்ணிய வாய்ல ஊத்தி புகட்டாதீங்க, அடைப்பு இருக்கும்போது மூத்திரப்பை வெடிச்சிடும். சில சமயம் குறி நுனில புழு மாதிரி இருக்கிற இடத்துலதான் கல் நிக்கும், டாக்டர் அந்த நுனிய வெட்டிவிட்டா மூத்திரம் உடனே வரும்.

தவிட்டுல கால்சியத்த விட பாஸ்பரஸ் பல மடங்கு ஜாஸ்தி. ஆட்டுக்கு கால்சியம் ரெண்டு பங்குன்னா பாஸ்பரஸ் ஒரு பங்கு இருக்கணும், இது தலைகீழானா கிடாவுக்கு கல் பிடிக்கும். நானும் 2014ல தவிட்ட கொட்டி கொட்டி ஒரு அருமையான கிடாவ இப்படித்தான் விட்டேன். தவிட்ட குறைச்சு அகத்தி தழை, வேலிமசால் தீவனப்பயிர் சேருங்க, ரெண்டுலயும் கால்சியம் நல்லா இருக்கு. தீவனத்துல 1 சதவீதம் உப்பு போட்டா தண்ணி நிறைய குடிக்கும். டாக்டர கேட்டு அம்மோனியம் குளோரைடு அரைல இருந்து 1 சதவீதம் சேர்க்கலாம். 3 மாச வயசுக்கு முன்னாடி காயடிக்காதீங்க, மூத்திரக்குழாய் குறுகலாவே நின்னுடும்.

கேள்வி: இந்துப்பு கல்லு தொங்கவிட்டா போதுமா?

போதாது. அது பெரும்பங்கு சாதா உப்புதான். நக்கட்டும், நல்லது, ஆனா தாது உப்புக்கு பதில் ஆகாது.

கேள்வி (கிருஷ்ணகிரி): பாஸ்பரஸுக்கு டிஏபி உரத்த கொஞ்சம் தண்ணில கலக்கலாம்னு ஒருத்தர் சொன்னார்.

வேண்டவே வேண்டாம். உரத்துல ஃபுளோரைடு இருக்கும், உங்க மாவட்டத்து நிலத்தடி தண்ணில ஏற்கனவே ஃபுளோரைடு ஜாஸ்தி, பல்லு எலும்பு ரெண்டும் போயிடும். தீவனத்துக்குன்னே டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) தனியா விக்குது, அத கேட்டு வாங்குங்க.

கேள்வி (ஈரோடு): பரண்ல 40 ஆடு, முழுக்க சூப்பர் நேப்பியர் புல்லுதான். கால் முட்டில, மூக்க சுத்தி தோல் செதில் செதிலா உரியுது. முட்டை ஓடு பொடி பண்ணி போட்டுட்டு இருக்கேன், இன்னும் ஜாஸ்தி பண்ணவா?

நிறுத்துங்க சார். செதில் உரியிறது துத்தநாகம், அதாவது ஜிங்க் குறைவு மாதிரி இருக்கு, கால்சியம் அளவுக்கு மீறினா ஜிங்க் ஏறாது, அப்போ ஓட்டு பொடியே காரணமா இருக்கலாம். நேப்பியர்ல ஆக்சலேட்ங்கிற பொருள் இருக்குறதால அது கால்சியத்த கட்டிடும்தான், ஆனா அதுக்கு வழி ஓடு இல்ல, தீவனத்த கலக்குறது. புல்லு பாதி, மீதிக்கு முருங்கை, கிளைரிசிடியா, வேலிமசால். ஜிங்க் இருக்குற தாது உப்பு போட்டா மூணு நாலு வாரத்துல தோல் தெளியும். தெளியலன்னா சொறிப்பூச்சியானு டாக்டர சுரண்டி பாக்க சொல்லுங்க.

கேள்வி (ராமநாதபுரம்): பொடி கலந்தா மோந்து பாத்துட்டு தள்ளி போயிடுது.

முதல் வாரம் ஒரு சிட்டிகை, அதுவும் கம்மங்கூழ்லயோ கருப்பட்டி தண்ணி தெளிச்ச தவிட்டுலயோ. வாரா வாரம் கூட்டுங்க. பாக்கெட்ட பிரிச்சதும் மூடி வச்ச டப்பால கொட்டிருங்க, ஈரம் பட்டு கட்டியான பொடிய எந்த ஆடும் தொடாது.

கேள்வி (வேடசந்தூர், மறுபடியும்): அண்ணா, டாக்டர் வந்து பாத்துட்டு நீங்க சொன்ன காப்பர் விஷயம்தான்னு சொல்லிட்டார். குட்டி இன்னும் குடிக்குது. தாய் ஆட்ட வித்துடவா? எங்க அம்மா கொடுத்த ஆடு.

விக்க வேண்டாம்மா, அது ஆட்டோட குத்தம் இல்ல, சினைல சத்து கிடைக்கலங்கிறதுதான். தாய்க்கு தினம் 10 கிராம் தாது உப்ப இப்பவே ஆரம்பிச்சிடுங்க, குட்டி பால் மறந்தப்புறம் பூச்சி மருந்து கொடுங்க. புரட்டாசில கிடா சேர்ந்தா மாசில ஈனும், அந்த அஞ்சு மாசத்துல பின்பாதிலதான் குட்டிக்கு நரம்பு உருவாகுது, கார்த்திகைல இருந்து ஒரு நாள் கூட விட்டுப்போகாம 15 கிராமா கொடுங்க. குடிக்கிற தண்ணிய ஒரு பாட்டில்ல பிடிச்சு டெஸ்டுக்கு கொடுத்து, வந்த ரிசல்ட்ட எனக்கு போட்டோ எடுத்து அனுப்புங்க, இரும்பு எவ்வளவுனு பாத்துட்டு சொல்றேன்.