சேவைச் சங்கங்களில் வருடம் முழுக்க என்னதான் செய்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் விவரமாகவே கேட்டிருக்கிறார். நண்பர் ஒருவர் ரோட்டரியில் சேரச் சொல்லிக் கூப்பிடுகிறார். இவர் பார்த்ததெல்லாம் பதவியேற்பு விழாப் படங்கள்தான். படம் எடுத்து முடித்தபிறகு மிச்ச நாட்களில் அங்கே ஏதாவது வேலை நடக்கிறதா, இல்லை பெருமைக்குக் கூடும் கூட்டமா?

வேலை நடக்கிறது. ஆனால் படத்தில் வருவது வேறு, நடப்பது வேறு. ஒரு சங்கத்தில் செயலாளராக ஓர் ஆண்டு இருந்திருக்கிறேன். செயலாளருக்கு ஒரு வசதி உண்டு: மேடையில் யார் பேசினார்கள் என்பதும் தெரியும், எல்லோரும் போனபிறகு நாற்காலியை யார் மடக்கினார்கள் என்பதும் தெரியும்.

முதலில் ஒரு விதியைப் புரிந்துகொள்ளுங்கள். ரோட்டரியிலும் அரிமா (லயன்ஸ்) சங்கத்திலும் ஆண்டு என்பது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. கிவானிஸ் சங்கத்தில் அக்டோபர் 1இல் தொடங்கும். தலைவர் பதவி அந்த ஓர் ஆண்டுக்குத்தான். எவ்வளவு நன்றாகச் செய்தாலும், எவ்வளவு மோசமாகச் செய்தாலும், ஆண்டு முடிந்தால் இறங்கிவிட வேண்டும். சங்கங்களின் நல்லது கெட்டது இரண்டுமே இந்த ஒரு விதியிலிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு யாரும் இருக்க முடியாது, அது நல்லது. ஒவ்வொருவரும் தன் பெயர் சொல்ல ஒரு புதுத் திட்டத்தைத் தொடங்கிவிட்டுப் போவார்கள், அது கெட்டது.

ஜூலையில் உற்சாகம் கரை புரளும். புதுக் குழு, புது இலக்குகள், புது வாட்ஸாப் குழு. அந்தச் சத்தத்துக்கு நடுவே பொருளாளர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து சந்தாக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். உலகத் தலைமையகத்துக்குச் செலுத்த வேண்டிய தொகை ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் ஜனவரியிலும், உறுப்பினர் தலைக்கு இவ்வளவு என்று வரும். போன மாதமே விலகுவதாகச் சொன்னவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்காமல் விட்டால் அவருக்கும் சேர்த்துச் சங்கம் கட்ட வேண்டும்.

பணம் பற்றிச் சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு தகவல். ஒழுங்காக நடக்கும் சங்கத்தில் இரண்டு கணக்குகள் இருக்கும். ஒன்று நிர்வாகக் கணக்கு, உறுப்பினர்களின் சந்தாவில் ஓடுவது. இன்னொன்று சேவைக் கணக்கு, பொதுமக்களிடம் திரட்டியது. அரிமா சங்கத்தில் பொதுமக்களிடம் வாங்கிய பணத்தை நிர்வாகச் செலவுக்குத் தொடவே கூடாது என்பது எழுதப்பட்ட விதி. விழா மேடை, பதாகை, தபால் செலவு எல்லாம் உறுப்பினர்கள் கைப்பணம். நீங்கள் சேரப்போகும் சங்கத்தில் இரண்டு கணக்கும் தனித்தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்பவர் தயங்கினால் அதுவே பதில்.

அப்புறம் வாராந்தரக் கூட்டம். வெளியே இருப்பவர்களுக்கு இதுதான் வீண் வேலையாகத் தெரியும். ரோட்டரியில் வாரம் ஒருமுறை கூடியே ஆக வேண்டும் என்ற விதி நெடுங்காலம் கறாராக இருந்தது. 2016இல்தான் தளர்த்தினார்கள், மாதம் இருமுறையாவது கூடினால் போதும் என்று சங்கமே முடிவுசெய்துகொள்ளலாம். நான் கூட்டத்தின் பக்கம்தான். அடுத்த மாதம் முகாமுக்கு மேசை எடுத்து வருபவர், பாதி ராத்திரியில் ரத்தம் வேண்டும் என்றால் போனை எடுப்பவர் எல்லாம் இந்தக் கூட்டங்களில் சும்மா பேசிப் பழகியவர்கள்தான்.

அரிமா சங்கக் கூட்டங்களில் ஒரு வேடிக்கை உண்டு. ‘டெயில் ட்விஸ்டர்’ என்று ஒரு பொறுப்பு. கூட்டத்தைக் கலகலப்பாக வைத்திருப்பதும், அற்பக் காரணங்களுக்கு உறுப்பினர்களிடம் அபராதம் வசூலிப்பதும் அவர் வேலை. தாமதமாக வந்தாயா, போடு அபராதம். புதுச் சட்டை போட்டிருக்கிறாயா, அதற்கும் போடு. இதற்கும் விதி இருக்கிறது: ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் அபராதம் கூடாது. அபராதம் போடுபவருக்கே அபராதம் போட வேண்டுமென்றால் வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த விதியை எழுதியவர் மனிதர்களை நன்றாகப் பார்த்தவராக இருக்க வேண்டும்.

சரி, சேவைக்கு வருவோம். ரத்த தான முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். புதுத் தலைவருக்குப் பெரிய எண் வேண்டும். ஒரே நாளில் இத்தனை யூனிட் என்று அறிவிக்க ஆசைப்படுவார். ரத்த வங்கிக்காரரைக் கேட்டால் அவர் முகம் சுளிப்பார். சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் அதிகபட்சம் 42 நாட்கள்வரைதான் வைத்திருக்க முடியும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குப் பெரும்பாலும் 5 நாட்கள்தான் ஆயுள். அதுவும் 20 முதல் 24 டிகிரியில், விடாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நாளில் ஊரையே படுக்கவைத்து ரத்தம் எடுத்தால் இந்த வாரம் வெள்ளம், அடுத்த மாதம் வறட்சி. கொடுத்தவர்கள் மறுபடி கொடுக்க, நாட்டுக்கு நாடு விதி மாறினாலும், இரண்டு மூன்று மாதங்களாவது ஆகும். அதனால் வறட்சி வரும்போது கூப்பிடவும் ஆள் இருக்காது.

எங்கள் சங்கத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பெரிய முகாமை ஒழித்துவிடவில்லை, தலைவரின் ஆசையைக் கெடுப்பானேன். கூடவே ஒரு நோட்டில் கொடையாளர்களின் பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி மூன்றையும் எழுதி, பிரிவு பிரிவாகப் பிரித்து, மாதம் ஒரு பிரிவை மட்டும் அனுப்புவார். அந்த நோட்டுக்கு விருதெல்லாம் கிடைக்கவில்லை. படம் எடுக்கவும் அதில் ஒன்றுமில்லை. ரத்த வங்கி எங்கள் சங்கத்தை மதித்தது அந்த நோட்டுக்காகத்தான்.

அக்டோபரில் கண் முகாம். அந்த மாதத்தின் இரண்டாவது வியாழன் உலகப் பார்வை நாள் என்பதால் அரிமா சங்கங்கள் மும்முரமாகிவிடும். அவர்களுக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு பழையது. 1925இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சீடார் பாயிண்ட் என்ற இடத்தில் நடந்த மாநாட்டில், பார்வையும் செவித்திறனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தத் தேதி ஜூன் 30. இன்றைய சங்க ஆண்டுக் கணக்கில் கடைசி நாள். தலைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஆனால் அந்த வேண்டுகோளை அதன்பின் வந்தவர்கள் யாரும் கைவிடவில்லை.

முகாம் நாளில் கூட்டம் அலைமோதும், படமும் நன்றாக வரும். பரிசோதனை செய்வது சுலபம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். கண்புரை என்று கண்டறிந்தவர் அறுவைக்கு வர வேண்டும், அவரோடு துணைக்கு ஒருவர் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும், முடிந்ததும் மறுபரிசோதனைக்குத் திரும்ப வர வேண்டும், வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும். பயந்துகொண்டு பாதியில் நின்றுவிடுபவர்கள் உண்டு. மூக்குக் கண்ணாடி விஷயம் இன்னும் சிக்கல். அளவெடுத்து, செய்யக் கொடுத்து, வந்து சேர்வதற்குள் முகாமை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

என் மேசைக்கு அப்படித்தான் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே கண்ணாடிக் கூடுகள். ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்ட் போட்டுச் செருகிய துண்டுச் சீட்டு: வரிசை எண், பெயர், பவர், தொலைபேசி எண். எண்களில் பாதி பக்கத்து வீட்டுக்காரருடையவை, சிலது மகனுடையவை. ஒரு சீட்டில் எண்ணே இல்லை, ‘பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீடு’ என்று மட்டும் இருந்தது. போன் செய்தால், ‘அம்மா வெளியே போயிருக்காங்க, நீங்க யாரு, எதையாவது விக்கிறீங்களா?’ என்று கேட்பார்கள். நாலைந்து பேர் மாலை நேரங்களில் பிரித்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். கையில் கொடுத்துவிட்டு வந்தால் முடியவில்லை. போட்டு, ஒரு வரி படிக்கச் சொல்லி, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று பார்த்து வர வேண்டும். சீட்டு மாறி இரண்டு பேருக்குக் கண்ணாடி இடம் மாறியிருந்ததை இப்படிப் போனதால்தான் கண்டுபிடித்தோம். ஒரு சங்கத்தின் ஆண்டு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டால் முகாமுக்கு வந்த கூட்டத்தை நான் கேட்கமாட்டேன். அந்தப் பெட்டியில் எத்தனை கூடு மிச்சம் இருந்தது என்றுதான் கேட்பேன்.

நவம்பரில் மாவட்ட ஆளுநர் வருகை, அதாவது வட்டாரத்துச் சங்கங்களுக்கெல்லாம் பொறுப்பாளர். கோப்புகளெல்லாம் திடீரென்று சுத்தமாகும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

டிசம்பருக்குள் ரோட்டரியில் அடுத்த ஆண்டுக்கான தேர்தல் முடிந்துவிட வேண்டும். இது விசித்திரமான மாதம். இருக்கும் தலைவருக்கு இன்னும் பாதி ஆண்டு பாக்கி, ஆனால் எல்லோர் பார்வையும் வரப்போகிறவர் பக்கம் திரும்பிவிடும். சில தலைவர்கள் இதில் மனம் சோர்ந்துபோவார்கள். கெட்டிக்காரர்கள் வரப்போகிறவரை அன்றைக்கே பக்கத்தில் உட்காரவைத்து, ‘இதை நான் தொடங்குகிறேன், நீ முடி’ என்று பேசிவிடுவார்கள். ஓர் ஆண்டுப் பதவியை வைத்துக்கொண்டு பெரிய காரியம் செய்ய எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

ரோட்டரி வரலாற்றிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1916–17இல் உலகத் தலைவராக இருந்த ஆர்ச் கிளம்ஃப், 1917 அட்லாண்டா மாநாட்டில் ஓர் அறநிதி வேண்டும் என்றார். அவர் பதவியும் முடிந்தது. அடுத்த ஆண்டு கன்சாஸ் நகரச் சங்கம் அனுப்பிய முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். அந்த நிதிதான் இன்றைய ரோட்டரி அறக்கட்டளை. 1985இல் போலியோவுக்கு எதிராக இறங்கியபோதும் இதே கதை. 1988இல் 125 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேரைத் தாக்கிய நோய் இன்று 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. அரசுகளும் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் 1985 முதல் ஒவ்வொரு ஜூலையிலும் தலைவர் மாறியும், ‘இது போன ஆளுடைய திட்டம்’ என்று யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை.

ஜனவரி, பிப்ரவரிதான் எனக்குப் பிடித்த மாதங்கள். விழா இல்லை, விருந்தினர் இல்லை, உற்சாகமும் வடிந்திருக்கும். இரண்டாவது சந்தா கேட்கும்போது சிலர் சத்தமில்லாமல் நழுவுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் யார் என்று அப்போதுதான் தெரியும். எங்கள் சங்கத்தில் அப்படி மிஞ்சியவர்களில் பெண்கள் கணிசம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. 1980கள்வரை இந்தச் சங்கங்களில் பெண்களுக்கு உறுப்பினர் உரிமையே கிடையாது. கலிஃபோர்னியாவின் டுவார்ட்டி ரோட்டரி சங்கம் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்ததற்காகத் தன் அங்கீகாரத்தையே இழந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1987இல் அந்தச் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அரிமா சங்கமும் அதே ஆண்டு கதவைத் திறந்தது. அதுவரை உறுப்பினர்களின் மனைவிமார் முகாம்களில் வேலை மட்டும் செய்தார்கள், ஓட்டுப் போடவில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் விருதுக் காய்ச்சல். எத்தனை திட்டம், எத்தனை பயனாளிகள், எத்தனை மணி நேரம் என்று இணையத்தில் பதிவு செய்யச் சொல்லிச் செயலாளரைப் பிடித்து உலுக்குவார்கள். இந்தக் காலத்தில் அவசரமாக நடத்தும் நிகழ்ச்சிகளைப் பெரிதாக நம்ப வேண்டாம். எண்ணிக்கைக்காக நட்ட மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது.

ஜூனில் ஒப்படைப்பு. கோப்பு, வங்கிக் கையெழுத்து மாற்றம், கூட்டத் தலைவர் தட்டும் சுத்தியல், சங்கக் கொடி. இவற்றோடு முடிக்காத வேலைகளின் பட்டியல் ஒன்றும் கைமாறினால் அது நல்ல சங்கம். பெரும்பாலும் கைமாறாது. ‘எங்கள் ஆண்டில் எல்லாம் முடித்துவிட்டோம்’ என்று சொல்லத்தான் எல்லோருக்கும் பிடிக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு. நண்பர் கூப்பிட்டால் விருந்தினராகப் போங்கள், உடனே படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஜூலையில் போனால் எந்தச் சங்கமும் அழகாகத்தான் தெரியும். பிப்ரவரியில் ஒரு சாதாரணக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் இருந்த தலைவர் தொடங்கிய ஏதாவது ஒன்று இன்னும் நடக்கிறதா என்று கேளுங்கள். நடக்கிறது என்றால் அதை யார் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்டு, அவர் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். அவர் உங்களுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுப்பார். அதைச் செய்துபார்த்துவிட்டுச் சந்தா கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.