அடுக்களைக் கேள்விகள்: குக்கரில் மரச்சீனி வைக்கலாமா?

கேள்வி: சொந்த ஊர் திருவட்டாறு. கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறேன். இங்கே கடையில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) கிடைத்தது. குக்கரில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, நாலு விசில் விட்டு, அப்படியே மசித்துச் சாப்பிட்டோம். லேசாகக் கசந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கும் அவருக்கும் தலைசுற்றல், வாந்தி. போனில் சொன்னால் அம்மா, "தண்ணிய வடிச்சிக் கொட்டலியா?" என்று கத்துகிறாள். குக்கரில் வைத்தது அவ்வளவு பெரிய தப்பா?

பதில்: அம்மா கத்தியதில் தப்பே இல்லை, மக்களே. கசந்தது என்று எழுதியிருக்கிறாயே, அப்போதே துப்பியிருக்க வேண்டாமா? வாந்திக்கு மரச்சீனிதான் காரணம் என்று கடிதத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவித்த விதம் சரியில்லை.

எனக்குப் பத்து வயசிருக்கும். குலசேகரத்தில் எங்கள் விளையில் மரச்சீனி பிடுங்கிய நாள். கொழுந்தும் இலையுமாகக் கம்புகளை வேலியோரம் குவித்திருந்தார்கள். ஆட்டுக்கயிறு அறுந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் பார்க்கும்போது ஆடு வாயில் நுரை தள்ளிக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. மாட்டாஸ்பத்திரிக்குப் போன ஆள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று ராத்திரி அம்மா அதே விளைக் கிழங்கைத்தான் அவித்தாள். காந்தாரி மிளகும் உள்ளியும் உப்பும் நசுக்கி, சாளைக் கறியோடு எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் மட்டும் முதல் துண்டை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

செடியில் லினமாரின் என்ற ஒன்று இருக்கிறது. இலையோ கிழங்கோ நசுங்கினால், செடியிலேயே இருக்கும் ஒரு நொதி அதை உடைத்துச் சயனைடை வெளியே விடும். இலையிலும் தோலிலும்தான் அது அதிகம். சயனைடு ஆவியோடு போய்விடும். உடையாமல் மிஞ்சும் லினமாரின் அப்படிப் போகாது. சூட்டுக்கும் லேசில் மசியாது, தண்ணீரில்தான் கரையும். குக்கரில் கொஞ்சத் தண்ணீரை ஊற்றி, அதையும் கிழங்கோடு மசித்துவிட்டால் அது வேறெங்கே போகும்?

அம்மா செய்ததைச் சொல்கிறேன். வெளியே மண்ணிறத் தோல், உள்ளே தடித்த தோல், இரண்டையும் உரித்துவிடுவாள். நடு நாரை எடுத்துவிட்டுச் சின்னத் துண்டாக நறுக்குவாள். வாயகன்ற பானையில், துண்டுகளுக்கு மேலே நாலு விரல் நிற்கும்படி பச்சைத் தண்ணீர். மூடி போட மாட்டாள். நன்றாகக் கொதித்ததும் வடித்துக் கொட்டி, புதுத் தண்ணீரும் உப்பும் போட்டு வேகவிட்டு, அதையும் வடிப்பாள். வடித்த தண்ணீர் தென்னை மூட்டுக்குப் போகும். மாட்டுக்கான கழுநீர்ச் சருவத்துப் பக்கம் போகவே கூடாது. 1942-ல் பர்மா அரிசி வரத்து நின்ற பிறகு கல்குளம், விளவங்கோடு பக்கம் எத்தனையோ வீடுகளில் அரிசிக்குப் பதில் இதுதான். அத்தனை பேரும் இப்படி வடித்துச் சாப்பிட்டவர்கள்.

இன்னொன்று, கடைக்கிழங்கு என்ன ரகமென்று பார்த்தால் தெரியாது. சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்கென்று போடும் ரகங்களில் சில கசக்கும். கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே சயனைடு இருந்தால்தான் உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் அதை இனிப்பு ரகம் என்கிறது. அதை நம் நாக்கால் அளக்க முடியாது. ஆனாலும் கசப்பு கசப்புதான், தூக்கிப் போடு. குக்கரை விட மனசில்லையென்றால் முதல் தண்ணீரைத் திறந்த பானையில் கொதிக்கவைத்து வடித்துவிட்டு, அப்புறம் குக்கருக்கு மாற்று. இனி எப்போதாவது இப்படித் தலைசுற்றலும் வாந்தியும் வந்தால், கைவைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. என்ன சாப்பிட்டாய் என்று மறக்காமல் சொல்.

கேள்வி: சேனை நறுக்கினால் கை அரிக்கிறது, தின்றால் தொண்டை காறுகிறது. விஷமா? (வாசகர், குளச்சல்)

பதில்: மரச்சீனி மாதிரி விஷமில்லை. கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் குத்துகின்றன, அவ்வளவுதான். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள். புளித்தண்ணீரில் நன்றாக வேகவையுங்கள். அரைவேக்காட்டில் ருசி பார்த்தால் நாக்கே பதில் சொல்லும்.

கேள்வி: சுகருக்கு நல்லதென்று தினமும் சுரைக்காய்ச் சாறு குடிக்கிறேன். நேற்று கசந்தது. பாகற்காய் கசக்கவில்லையா என்று குடித்துவிட்டேன். (வாசகி, தக்கலை)

பதில்: பாகற்காயின் கசப்பு வேறு, அம்மா. சுரைக்காய் கசந்தால் அது குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. இந்தச் சாற்றால் ஆட்கள் செத்தே போயிருக்கிறார்கள். இனிமேல் நறுக்கியதும் ஒரு துளித் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள்; கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள். நேற்றுக் குடித்ததற்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: உருளைக்கிழங்கு பச்சையாகிவிட்டது. அவித்தால் சரியாகுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஆகாது. பச்சையான கிழங்கில் சேரும் சொலனின் என்ற நஞ்சு கொதித்தாலும் போகாது. பச்சையையும் முளையையும் தாராளமாகச் செதுக்கி எடுங்கள், முழுக்கப் பச்சையென்றால் வேண்டாம். அடுத்த தடவை ஜன்னலோரம் வைக்காமல் சாக்கில் போட்டு இருட்டில் வையுங்கள்.