மூன்று வாரம் கழித்து வரும் தூக்கம்

கேள்வி: வீட்டு நர்ஸாக 76 வயது ஐயா ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர். பாத்ரூமில் வழுக்கித் தலையில் அடி. மூன்று வாரம் நன்றாயிருந்தவர் இப்போது பகலிலும் தூங்கி வழிகிறார். வயதுக் கோளாறா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள். இன்றே ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், சி.டி. ஸ்கேன் வேண்டும். அடிபட்ட அன்றே எடுத்திருக்க வேண்டியது. முதுமையில் மூளை சுருங்குவதால் அதன் மேலுறைக்குப் போகும் சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசான அடியிலும் கிழிந்து ரத்தம் மெல்லக் கசியும். மண்டைக்குள் காலியிடம் இருப்பதால் அறிகுறி தாமதமாகும். பேர் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார், அதை நம்பாதீர்கள். "காலையில என்ன சாப்பிட்டீங்க, ஐயா?" என்று கேளுங்கள். கண்ணை மூடி இரு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? வார்ஃபரின் கடைசி வேளையையும் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவையும் குறித்துக்கொண்டு போங்கள். வாந்தி, வலிப்பு, எழுப்பியும் விழிக்கவில்லை என்றால் 108.