மணிக்கூட்டின் மெருகை எங்கே பார்ப்பது? – வாசகர் கேள்வி பதில்

கொள்ளுப்பிட்டிக் கடையொன்றில் இரண்டு சுவிஸ் மணிக்கூடுகள் பார்த்தேன். ஒன்றின் விலை மற்றதைப்போல மூன்று மடங்கு. இரண்டும் பளபளவென்றுதான் இருக்கின்றன. வேலைப்பாட்டு வித்தியாசத்தை நானே பார்த்து அறிய வழி உண்டா?
– வாசகர், வெள்ளவத்தை

உண்டு. முதலில் கடை வெளிச்சத்தை விட்டு விலகுங்கள். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே வரிசையாகச் சின்ன விளக்குகள் எரியும்போது எந்த உலோகமும் மின்னும். குறைகள் அந்த மினுக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அனுமதி கேட்டு யன்னலோரம் கொண்டுபோய், ஒரே திசையிலிருந்து வரும் வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற சிறு கண்வில்லை ஒன்று வேண்டும். செட்டியார் தெருவில் நகை வேலை செய்பவர்களும் இரத்தினக்கல் வியாபாரிகளும் பாவிப்பது அதைத்தான். லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, மணிக்கூட்டை ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் தூரத்துக்குக் கொண்டுவந்தால்தான் தெளிவாகத் தெரியும்.

பிறகு ஓரங்களைப் பாருங்கள். நடுப்பரப்பை மலிவான தொழிற்சாலையும் பளபளப்பாக்கிவிடும். நுண்கோடு இழுத்த பரப்பு முடிந்து கண்ணாடிப் பளபளப்புத் தொடங்கும் எல்லையில்தான் வேலை தடுமாறும். நல்ல வேலையில் அந்த எல்லை கத்தி வைத்து வெட்டியது போல இருக்கும். கோடுகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக வந்து விளிம்பில் நின்றுவிடும். சுமாரான வேலையில் கோடு பளபளப்புக்குள் வழுக்கியிருக்கும், அல்லது பளபளப்புத் துணி கோட்டை மழுக்கியிருக்கும். ஜெரால்ட் ஜெண்டா வடிவமைத்து 1972இல் வந்த ஓடெமார் பிகே நிறுவனத்தின் ரோயல் ஓக் மணிக்கூட்டின் புகழில் பாதி இந்த எல்லைகளால் வந்தது. பட்டி கொளுவும் நான்கு காதுகளிலும் சரிவின் அகலம் ஒரே அளவா என்றும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தட்டையான பளபளப்புப் பகுதிக்கு எளிய சோதனை: கோடு போட்ட கொப்பித் தாளொன்றை அதற்கெதிரே பிடியுங்கள். பிரதிபலிப்பில் கோடுகள் நேராக நின்றால் பரப்பு உண்மையிலேயே தட்டை. நெளிந்தால், மென்மையான துணிச்சக்கரத்தில் அழுத்தி மினுக்கியிருக்கிறார்கள். ஜப்பானின் கிராண்ட் செய்கோ தன் ஸராட்சு என்ற மெருகைப் பற்றி அவ்வளவு பேசுவது இந்த நெளியாத பிரதிபலிப்புக்காகத்தான். அந்த விலையில் இது நன்றாகவே செய்யப்படுகிறது. சுவிஸ் பெயர் மட்டும் பார்த்து வாங்குபவர்கள் தவறவிடும் இடம்.

முகப்பில் எழுத்தச்சின் ஓரம், முட்களின் பக்கவாட்டுப் பிசிறு, மணிக்குறிகள் முகப்பில் படும் இடத்தில் இடைவெளி, திகதி யன்னலின் வெட்டு ஆகியவற்றைப் பார்த்தால் போதும். தூசித்துகள் ஒன்று தெரிந்தாலும் அந்த விலைக்கு அதை ஏற்கவேண்டியதில்லை.

பின்பக்கம் கண்ணாடி போட்ட மணிக்கூட்டைக் காட்டி “எல்லாம் கைவேலை” என்கிறார் விற்பவர். எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகி, கொட்டாஞ்சேனை

இயந்திரத்தின் சில்லுகளைத் தாங்கிப் பிடிக்கும் தகடுகளான பாலங்களின் விளிம்பில் சரிவாக மினுங்கும் பட்டையைத் தொடர்ந்து போங்கள். அது உள்நோக்கி மடியும் மூலையில் நில்லுங்கள். இரண்டு சரிவுகளும் கூரிய கோடொன்றில் சந்தித்தால் அங்கே கை பட்டிருக்கிறது. மூலை வளைந்து ஓடினால் சுழலும் வெட்டுக்கருவியின் வேலை. உருளையான கருவிக்குக் கூரிய உள்மூலை வெட்ட முடியாது. ஆனால் பாலத்தின் வடிவத்திலேயே உள்மூலை இல்லாவிட்டால் இந்தச் சோதனை உதவாது. செலவைக் குறைக்க மூலைகளையே வளைவாக வடிவமைப்பதும் உண்டு. அப்போது சரிவின் மீது லூப்பை வையுங்கள்: நீளவாக்கில் மெல்லிய வெட்டுக்கோடுகள் தெரிந்தால் இயந்திரம் வெட்டியபடி விட்டிருக்கிறார்கள்.

உருக்குப் பாகங்களிலும் திருகாணித் தலைகளிலும் கறுப்பு மெருகு தேடுங்கள். ஈயத்தகட்டில் அல்ல, வெள்ளீயத் தகட்டில் மிக நுண்ணிய பொடி வைத்துத் தேய்த்துப் பெறுவது அது. சாய்க்கும்போது ஒரு கோணத்தில் வெள்ளையாக மின்னி, அடுத்த கோணத்தில் முழுவதும் கறுத்துப்போக வேண்டும். எந்தக் கோணத்திலும் சாம்பல் நிறமே தெரிந்தால் அது வெறும் மினுக்கல்.

ஜெனீவா வரிகள் என்று காட்டப்படும் அலைக்கோடுகளைக் கண்டு மயங்காதீர்கள். அவற்றை இயந்திரம் மலிவாகவே போடும். ஒரு பாலத்தின் கோடு அடுத்த பாலத்தில் தொடர்ச்சியாக ஓடுகிறதா என்பதைக் கவனித்தால் போதும். நீலத் திருகாணி என்றால், உருக்கை ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் சூடாக்கிப் பெற்ற நீலம் சாய்க்கும்போது கருநீலமாகி மீண்டும் பளிச்சிடும். பூச்சு எல்லாப் பக்கமும் ஒரே நீலம்.

“கைவேலை” என்ற சொல்லுக்கு அளவில்லை. இயந்திரம் வெட்டியதை ஒருவர் கடைசியில் தேய்த்தாலும் அப்படிச் சொல்லலாம். ஆகவே எந்தப் பாகம், எந்தக் கட்டம் என்று கேளுங்கள்.

க்ரோனோமீற்றர் சான்றிதழ் இருந்தால் மெருகும் உயர்தரமா?
– வாசகர், தெஹிவளை

சம்பந்தமில்லை. சுவிஸ் க்ரோனோமீற்றர் சான்றிதழ் நேரந்தவறாமையைப் பற்றியது: சராசரியாக நாளொன்றுக்கு -4 முதல் +6 செக்கன் வரை. வேலைப்பாட்டுக்கும் விதிகள் வைத்திருப்பது 1886இல் தொடங்கிய ஜெனீவா முத்திரை. பட்டேக் பிலிப் நிறுவனம் 2009இல் அதை விட்டுத் தன் சொந்த முத்திரைக்குப் போனது. ரொலெக்ஸ் பெரும்பாலும் மூடிய பின்பக்கத்தோடு வருவதால் அதை வெளிக்கூட்டையும் முகப்பையும் வைத்தே மதிப்பிடுங்கள்.

பாவித்த மணிக்கூடு ஒன்று வாங்க இருக்கிறேன். புதிது போல மினுங்குகிறது. சந்தேகப்பட வேண்டுமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

வேண்டும். ஒவ்வொரு தடவை மெருகிடும்போதும் உலோகம் கொஞ்சம் போகிறது. அதே மாதிரியின் புதிய படத்தைப் பக்கத்தில் வைத்துக் காதுகளின் தடிப்பை ஒப்பிடுங்கள். சரிவு மறைந்து காது உருண்டிருந்தால், காதிலுள்ள துளை நீள்வட்டமாகியிருந்தால், பொன்னின் தரத்தைக் காட்டும் முத்திரை மங்கியிருந்தால் அதிகம் தேய்த்திருக்கிறார்கள். லேசர் ஒட்டுவேலையால் உலோகம் சேர்க்கலாம், ஆனால் செலவு பெரிது. மெல்லிய கீறல்களுடன் கூரிய விளிம்புள்ளதையே நான் எடுப்பேன்.

பின்மூடி சேரும் விளிம்பையும் பாருங்கள். நம் கடலோர வெக்கையில் வியர்வை உப்பு அங்கே தங்கி, உருக்கிலேயே சிறு குழிகள் விழும். குழி நீர்த்தடுப்பு வளையம் அமரும் இடத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். வாங்கியபின் சேவைக்குக் கொடுக்கும்போது, “மெருகிட வேண்டாம்” என்று பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் சொல்லாமலே மெருகிட்டுத் தருகிறார்கள்.