மூலத்துக்குச் செலண்டைன் கிழங்கு வைத்தியம் சரியா?

கேள்வி: லண்டனுக்கு வெளியே இருக்கிறோம். என் கணவருக்கு வயது 56. ஒரு மாதமாக மலம் கழிக்கும்போது ரத்தம் சொட்டுகிறது. எங்கள் வேலியோரம் மார்ச்சில் மஞ்சளாகப் பூக்கும் லெஸ்ஸர் செலண்டைனைக் காட்டி, "இதன் பழைய பெயரே பைல்வோர்ட், மூலத்துக்கு நல்லது" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. கணவரும் கிழங்கை அரைத்து ஒருமுறை தடவினார், இரவெல்லாம் எரிச்சல். கஷாயம் வைத்துக் குடிக்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம் அம்மா. இனித் தடவவும் வேண்டாம்.

பாட்டி சொன்ன பெயர் உண்மைதான். பைல் என்றால் மூலம், வோர்ட் என்றால் செடி. செடியைப் பிடுங்கினால் சின்னச் சின்னக் கிழங்குகள் கொத்தாகத் தொங்கும், மூல முளை மாதிரியே. நோயைப் போலத் தோற்றம் இருந்தால் அதுவே மருந்து என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நம்பினார்கள். பெயர் அப்படி வந்தது. (நம் மொழியிலும் மூலம் என்றால் வேர்தான். அதற்காக வேரையெல்லாம் அரைத்துப் பூச முடியுமா?)

இது பட்டர்கப் குடும்பத்துச் செடி. பச்சையாக நசுக்கியதும் அதிலுள்ள ரனன்குலின், புரோட்டோஅனிமோனின் என்ற காரப் பொருளாக மாறும். கைத்தோலில் பட்டாலே கொப்புளம் எழும். ஆசனவாய் எப்படித் தாங்கும்? காயவைத்தால் காரம் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பது சரி. ஆனால் மூலத்துக்காக இதைக் கஷாயமாகக் குடித்தவருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. கடையில் வெறுமனே செலண்டைன் என்று கேட்டால் கிரேட்டர் செலண்டைனைத் தந்துவிடவும் கூடும். அது வேறு குடும்பம். தண்டை ஒடித்தால் ஆரஞ்சு நிறப் பால் வடியும். கல்லீரலைக் கெடுப்பதில் அதற்குப் பெயரே உண்டு.

எரிச்சலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வாஸ்லின் தடவுங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள்.

செடியைவிட அந்த ஒரு மாத ரத்தம்தான் எனக்கு உறுத்துகிறது. அது மூலம்தான் என்று யார் பார்த்துச் சொன்னது? மூலமாகவே இருக்கலாம். ஆனால் இந்த வயதில் குடல் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக்கூடாது. இந்த வாரமே ஜிபியிடம் (உங்கள் குடும்ப டாக்டர்) போகச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஃபிட் என்ற மலப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை 2 வருடத்துக்கு ஒருமுறை தபாலில் வரும் பரிசோதனைப் பெட்டியும் அதே சோதனைக்குத்தான். ஆனால் அது தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு. போன முறை சரியாக இருந்தது என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

அதுவரை தண்ணீர், கீரை, பழம் கூடட்டும். கழிவறைக்குள் போன் போகவே கூடாது. கிழங்கு அரைத்துப் போட்டதையும் ஜிபியிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தப் புண் எப்படி வந்தது என்று அவர் குழம்புவார்.