பினாங்குல பாத்ரூம் டைல் மாத்துறதுக்கு முன்னாடி அடித்தரையையும் மாத்தணுமா?

தம்பி, குளுகோர்ல பழைய அப்பார்ட்மெண்ட் வாடகைக்கு எடுத்திருக்கீங்க, பாத்ரூம் டைலு தட்டினா வெத்துச் சத்தம் வருது, அமெரிக்க வீடியோல அடியில இருக்க ப்ளைவுட்ட கழட்டி மாத்துறாங்களே இங்கயும் அப்படித்தானான்னு கேட்டிருந்தீங்க. அந்த வீடியோவ விட்ருங்க. அங்க மரச்சட்டம் அடிச்சுக் கட்டுற வீடு, தண்ணி எறங்குனா பலகை உளுத்துரும், மாத்தித்தான் ஆகணும். இங்க அடியில இருக்குறது கான்கிரீட் ஸ்லாப், கீழ்வீட்டுக்காரருக்கு அதுதான் கூரை, அதுல கைய வைக்கவே கூடாது. மாத்துறதெல்லாம் அதுக்கு மேல இருக்க ஸ்க்ரீடும் (டைலுக்கு அடியில போடுற சிமெண்ட் கலவை) தண்ணி எறங்காம தடுக்குற வாட்டர்ப்ரூஃபிங் பூச்சும்தான். (ஜார்ஜ் டவுன் பழைய கடைவீட்டு மாடினா வேற கதை, பலகைத்தரை, கரையான் இருக்கான்னு பாக்காம ஆணி கூட புடுங்காதீங்க.)

ஓனர் டைல் மேலயே டைல் ஒட்டிரலாம்னு சொல்றாராம்ல, ஒத்துக்காதீங்க. தரை ஒசந்து தண்ணி வாசப்படி தாண்டி ரூமுக்குள்ள வரும், கசிவு இருந்தா அது அடியில அப்படியே கெடக்கும். மலேசியாவுல 2015 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) விதிப்படி கீழ்வீட்டு சீலிங் ஒழுகுனா, வேற காரணம்னு நிரூபிக்கிற வரைக்கும் மேல்வீட்டுலேருந்துதான் வருதுன்னு எடுத்துக்குவாங்க, அத அவருக்கு நைசா சொல்லிப் பாருங்க, மனசு மாறும்.

வேலை நடந்தா கூடவே நில்லுங்க. ஹேக்கிங் (பழைய டைலையும் ஸ்க்ரீடையும் ஒடைச்செடுக்குறது) முடிஞ்சதும் ஃப்ளோர் ட்ராப்ப (தரையில தண்ணி போற வாய்) சுத்தி, பைப்பு ஸ்லாப்ப தொளச்சுப் போற எடத்துல விரிசல் இருக்கான்னு பாருங்க, பாதி கசிவு அங்கேருந்துதான். ஸ்க்ரீடு ட்ராப்ப பாத்து சரிவா இருக்கணும், ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராச்சும். வாட்டர்ப்ரூஃபிங் ரெண்டு கோட்டு, மொதக் கோட்டு நீளவாக்குல அடிச்சா ரெண்டாவது குறுக்க, சுவத்துலயும் ஒரு அடி ஏத்தி அடிக்கணும், குளிக்கிற பக்கம் ஆளு ஒசரத்துக்கு. அது காஞ்சப்பறம் ட்ராப்ப அடைச்சு தண்ணி கட்டி கொறஞ்சது 24 மணி நேரம் விட்டுட்டு கீழ்வீட்டுக்குப் போய் சீலிங்க பாக்கணும். கான்ட்ராக்டருங்க தாவப் பாக்குறது இந்த டெஸ்ட்டத்தான், காயறதுக்கு நாள் போகுது, கூலி போகுதும்பாங்க, விடாதீங்க, டைல் ஒட்டுனப்பறம் கண்டுபிடிச்சா மறுபடியும் மொதல்லேருந்து ஒடைக்கணும்.

செலவு ஓனரோடது, மேனேஜ்மெண்ட் ஆபீஸ்ல அனுமதி வாங்கி டெபாசிட் கட்டுறதும் அவரே. உங்களுக்கு ஒரே பாத்ரூம்னா அத்தன நாளும் எங்க குளிப்பீங்க, வாடகைல எவ்ளோ கழிப்பாருன்னு இப்பவே வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்குங்க, வாய்ப்பேச்சு வேணாம்.